மூன்றாம் குழி, நான்காம் குழி

லூர்துசாமி மாமா எங்கே உட்காரப் போனாலும் முதலில் குனிந்து, அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். தூசி தட்டுவதைப் போல இருக்காது. தூங்குகிற குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதைப் போல இருக்கும். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி, கட்கி மாதா கோயில் பெஞ்சு, பஸ் சீட்டு, பூட்டிக் கிடக்கும் கடையின் படி, எதுவானாலும் அப்படித்தான். போபோடியில் எங்கள் சந்தில் வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அவரைப் போல நடித்துக் காட்டியிருக்கிறோம். எனக்கு எட்டு வயது இருக்கும்போது நேராகவே கேட்டேன்.

“மாமா, சேர்ல முள்ளு கீதா?”

“முள்ளு இல்லடி. முன்னாடியே யாராவது உட்கார்ந்துகினு இருந்தா?”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

காரணம் இப்போது எனக்குத் தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் நான் செய்ததைத்தான் பிறகு எழுத வேண்டியிருக்கிறது.

1987இல் அவர் போசரியில் இரும்பு வார்க்கும் ஒரு பவுண்டரியில் அச்சுக்கு மண் குத்துகிற வேலையில் இருந்தார். பட்டறைக்குப் பின்னால், ஓடைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைகள். அவரும் அவர் மனைவி ராஜி அத்தையும் அதில் ஒன்றில் குடியிருந்தார்கள். அந்த வருட மழையில் ஒரு பெண் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் இறந்துபோனது. பெயர் வைக்கவில்லை, ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அத்தை இந்து. கோயிலில் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் போய் இடம் கேட்க மாமாவுக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ, அவர் கேட்கவில்லை. கொட்டகைக்காரர்கள் தங்கள் சின்னக் குழந்தைகளை ஓடைக்கரையில்தான் புதைப்பார்கள். அத்தையின் அண்ணனும் மாமாவும் மழையில் நனைந்தபடி போய்ப் புதைத்து, மேலே ஒரு தட்டைக்கல்லை வைத்துவிட்டு வந்தார்கள். பிள்ளை பெற்ற ஒன்பது நாள் உடம்போடு அத்தையால் போக முடியவில்லை.

“எடம் எனக்குத் தெரியும். ஒடம்பு தேறட்டும், நானே இட்டுகினு போய் காட்டறேன்” என்று அத்தையிடம் சொன்னார்.

மழை விட்டதும் தனியாகப் போய்ப் பார்த்தார். ஓடை கரையைப் புரட்டிப் போட்டிருந்தது. வண்டலுக்குள் அங்கங்கே தட்டைக்கற்கள் பாதி புதைந்து கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி. அவரவர் வீட்டுக் குழந்தைக்கு அவரவர் வைத்தது. மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டுக் களைத்துப்போய் ஒரு இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தோன்றியது, இதுவாகவே இருந்தால்?

அன்றிலிருந்து வந்த பழக்கம் அது. இடம் தொலைந்துவிட்டதை அவர் அத்தையிடம் சொல்லவே இல்லை. காட்டறேன், காட்டறேன் என்றே சொல்லி வந்தார். கிறிஸ்துமஸ் முடியட்டும், மகன் பிறந்து நடக்கட்டும், அவன் படிப்பு முடியட்டும். மகன் படித்து முடித்து ரஞ்சன்காவில் வேலைக்கும் போய்விட்டான். அத்தை கேட்பதை நிறுத்தவில்லை. வருடத்துக்கு ஒரு முறை, அந்த மழை மாதத்தில், சோறு போடும்போது கேட்பார். மாமா தலையாட்டுவார்.

2019இல் பவுண்டரி மூடப்பட்டது. அதே வருடம் அந்த ஓடையை மீட்கிற திட்டம் ஒன்று தொடங்கியது. நிலம் வனத்துறையுடையது. பணம் ஒரு கம்பெனியுடையது. நாற்று வளர்த்து, நட்டு, தண்ணீர் விட்டு, காவல் காக்கிற வேலை இப்போது நான் இருக்கும் அறக்கட்டளையுடையது. ஏழு வருட ஒப்பந்தம். காவலுக்கு ஆள் தேடியபோது மாமா தானே போய்ப் பெயர் கொடுத்தார். வேலை இல்லாததால் போனாரா, அந்த இடத்துக்காகப் போனாரா என்று பின்னாளில் ஒரு முறை கேட்டேன். “பஸ் நேரா போவுது, அதான்” என்றார்.

நான் 2021இல் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்திருந்தேன். காகிதத்தின்படி நான் மாமாவுக்கு மேலதிகாரி. முதல் நாளே கேட்டில் நின்றுகொண்டு சல்யூட் அடித்தார்.

“வாங்க மேடம். சைட்டு இன்ஸ்பெக்‌ஷனா? ஊட்ல அம்மாவுக்குத் தெரியுமா நீ இம்மாம் பெரிய ஆளுன்னு?”

“சும்மா இருங்க மாமா.”

“சும்மா இருந்தா சம்பளத்தைப் புடிச்சிக்குவீங்களே, மேடம்.”

வனத்துறையின் கணக்குப்படி மூன்று மீட்டருக்கு ஒரு குழி. கயிறு பிடித்துச் சுண்ணாம்புத்தூளால் புள்ளி வைக்க வேண்டும். நான் வருவதற்கு முன்பே மாமாதான் புள்ளி வைத்திருந்தார். ஃபோனில் ஒரு செயலி உண்டு. அதில் நட்ட செடி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு படம், பூமியில் அது நிற்கும் துல்லியமான இடம் எல்லாம் ஏறும். மே மாதம் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எண்ணுவோம். இரண்டாயிரத்துச் சொச்சம் செடிகளின் இருப்பிடம் என் கைக்குள் இருந்தது. எனக்கு அதில் பெருமை இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

கரையை ஒட்டிய முதல் வரிசையில் மட்டும் பதினோரு இடங்கள் காலி. மாமாவிடம் கேட்டேன். “கீழ பாறை கீதும்மா” என்றார். அப்படியே எழுதிக்கொண்டேன். பதினோரு முறை பாறை, பாறை என்று.

அந்தப் பதினொன்றும் தட்டைக்கற்கள் இருந்த இடங்கள். 2019 கோடையில் நாற்பது நாள், சுண்ணாம்பு வைக்கிற சாக்கில், கரை முழுவதையும் உள்ளங்கையால் தடவி, விரல் ஆழ வண்டலுக்கு அடியில் கிடந்த பதினோரு கற்களையும் அவர் கண்டுபிடித்திருந்தார். அதில் ஒன்று அவருடையது. எது என்று தெரியாததால் பதினொன்றையும் விட்டுவிட்டார்.

மூன்றாம் வருட மதிப்பீட்டுக்கு முன் ரேஞ்சர் அலுவலகத்தில் கூட்டம் நடந்தது. ட்ரோனில் எடுத்த படத்தைச் சுவரில் போட்டார்கள். ரேஞ்சர் மராத்தியில் சொன்னது பின்வரிசையில் இருந்த எனக்குச் சரியாகக் கேட்கவில்லை; அறை முழுவதும் சிரித்தது. எங்கள் அறக்கட்டளையை நடத்துகிற பத்ரிநாத் சார் வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார். சென்னைக்காரர், ஐ.டி. வேலையை விட்டுவிட்டு இதற்கு வந்தவர், யாரையும் அதட்டிப் பேசி நான் பார்த்ததில்லை.

“பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்காம், நம்ம கரை. கீர்த்தி, ஒரே வரிசையில பதினோரு பாறை எப்படிம்மா வரும்? நீ நேர்ல போய் செக் பண்ணினியா?”

“வாட்ச்மேன் சொன்னார் சார்.”

“வாட்ச்மேன் சொன்னார்னு ரேஞ்சர்கிட்ட நான் சொல்ல முடியுமா? அடர்த்தி குறைஞ்சா நிலத்தை திருப்பி எடுத்துப்பா. மூணு வருஷ வேலை. ப்ளீஸ், பார்த்து முடிச்சுடு.”

 நம் ஆள், நம் சந்து, அவரே நம்மை மாட்டிவிட்டாரே என்றுதான் நினைத்தேன். படித்தவள் என்று அந்த அறையில் உட்கார எனக்கு இருபத்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு சிரிப்பில் அது கலைந்துவிடும் போலிருந்தது.

அந்த வாரம் மாமாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. ஐந்து நாள் தூசியில் நிற்கக்கூடாது என்று வீட்டில் இருந்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து எட்டாவது கதவு. ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவர் பொய் சொல்லிப் பிடிபடுவதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன் போல. அல்லது பிடிக்க வேண்டும் என்று நினைத்தேனோ.

போசரியிலிருந்து குழி போடுகிற மெஷினோடு இஸ்மாயிலை வரவழைத்தேன். முதலில் நானே கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். வண்டலைக் கீறியதும் ரொட்டி அளவு தட்டைக்கல் ஒன்று வந்தது. இதுதான் பாறையா என்று கோபத்தோடு அதைப் பெயர்த்துக் கரையில் வைத்தேன். அடியில் கடப்பாரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவ்வளவு மெத்தென்ற மண் அந்தக் கரையில் வேறெங்கும் இல்லை. அதுவாவது எனக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

இஸ்மாயில் முன்னால் குழி போட்டுக்கொண்டே போனார். நான் பின்னால் வந்து மண்ணில் எரு கலந்து நட்டுக்கொண்டு வந்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று இரண்டு குழி மண்ணை நடுவில் ஒரே குவியலாக்கிக் கலந்து, இரண்டுக்கும் திருப்பிப் போட்டேன். மாலை ஐந்துக்குள் படங்கள் ஏற வேண்டும். மூன்றாம் குழியில் நாவல், நான்காம் குழியில் புங்கன். அந்தக் குவியலைக் கையால் உடைக்கும்போது மணிகள் வந்தன. கறுப்பும் வெள்ளையுமாகச் சின்ன மணிகள், ஒன்று மட்டும் பச்சை. மண்ணைச் சோதனைக்கு எடுக்கிற பிளாஸ்டிக் பையில் அவற்றைப் போட்டுக்கொண்டேன்.

இஸ்மாயில் பெட்ரோல் ஊற்ற வந்தவர், பையைப் பார்த்துவிட்டு நின்றார்.

“பச்சே கா ஹை, மேடம்” என்றார். குழந்தையுடையது என்று.

“ஓடை அடிச்சுக்கிட்டு வந்திருக்கும்” என்று இந்தியில் சொன்னேன். அந்த ஓடை எல்லாவற்றையும் கொண்டுவரும். வளையல், சாமி படம், குட்கா பாக்கெட். நான் சொன்னது நடக்கக்கூடியதுதான்.

அவர் மெஷினைத் தூக்கி டெம்போவில் வைத்தார். இன்னும் இரண்டு குழி பாக்கி இருக்கிறது என்றேன். “நீங்க போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அந்த இரண்டையும் போடவில்லை. ஆனால் நட்ட ஒன்பதையும் பிடுங்கவும் இல்லை. ஒன்பது செடிக்கும் படம் எடுத்து, எண் கொடுத்து, இடம் பதித்து, நாலே முக்காலுக்கு அனுப்பிவிட்டேன். மிச்ச இரண்டுக்கு எதிரே மறுபடியும் பாறை என்று எழுதினேன். ஓடை கொண்டுவந்த மணி என்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தால், அந்த இரண்டையும் ஏன் விட்டேன்?

மாமா ஆறாம் நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். கேட்டிலிருந்து கரை வரை நடந்தார். முதல் செடியிடம் நின்றார், பிறகு அடுத்தது, அடுத்தது. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

“பாறைன்னு சொன்னீங்களே மாமா. கடப்பாரை வழுக்கிட்டுப் போச்சு. ரேஞ்சர் முன்னாடி நான்தான் அசிங்கப்பட்டேன்.”

“கல்லெல்லாம் எங்க போட்ட?”

“அதோ, அடுக்கி வெச்சிருக்கேன்.”

ஒன்பது கற்களும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மண்ணுல வேற இன்னா வந்துது?”

பையைக் கொண்டுவந்து கொடுத்தேன். கழற்றவே கூடாது என்று டாக்டர் சொன்ன கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மணிகளை உள்ளங்கையில் கொட்டினார். பச்சை மணியை மட்டும் விரலால் தனியாகத் தள்ளினார்.

“போசரி பஜார்ல வாங்குனது. கறுப்பு ஒண்ணு கொறைஞ்சிது. வளையல்காரன் இத்த சேத்துக் கோத்துட்டான். கண்ணு படாம இருக்க கட்றதுல பச்சை எதுக்குய்யான்னு உங்க அத்த திட்டுனா.”

அன்றைக்குத்தான் மேலே எழுதிய எல்லாவற்றையும் சொன்னார். அழவில்லை. பேச்சை முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எந்தக் குழிமா?”

ஃபோனைத் திறந்தேன். இரண்டாயிரம் செடிகளின் இடம் அதில் இருந்தது.

“மூணு. இல்லன்னா நாலு.”

“ரெண்டுல எது?”

“ரெண்டு மண்ணையும் ஒண்ணா கலந்துட்டேன் மாமா.”

“கலந்து?”

“ரெண்டுத்துலயும் திருப்பிப் போட்டேன்.”

அவர் உட்காரக் குனிந்து கையை நீட்டினார். கை தரையைத் தொடவில்லை. அப்படியே நிமிர்ந்து நின்றுகொண்டார்.

“மறுபடி தோண்டிப் பார்க்கலாமா?” என்றேன். கேட்ட உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“ஒரு தடவ போதும்” என்றார். பிறகு, என்னைத் தேற்றுகிற மாதிரி, “நீ தோண்டலன்னா இதுகூட கெடச்சிருக்காது” என்றார்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அதை நான் தாங்கியிருப்பேன்.

“அத்தைகிட்ட சொல்லலாம் மாமா. பக்கத்துல வந்தாச்சுல்ல.”

“இன்னான்னு சொல்றது? ஒரு புள்ளைக்கு ரெண்டு எடம்னா? நீ வாயத் தொறக்காத. நான் காட்டறேன். யோசிச்சு காட்டறேன்.”

பத்ரிநாத் சாரிடம் மட்டும் சொன்னேன். அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: “ரிப்போர்ட்ல போடாதே கீர்த்தி. வனத்துறை நிலத்துல மயானம்னு எழுத்துல வந்துட்டா, நில அளவை, கேஸ், எல்லாம் வரும். ஓடை அப்படியே நின்னுடும். மரம் இருக்கட்டும். அது ஒண்ணும் தப்பான விஷயம் இல்லையே, மரம்தானே.” அவர் சொன்னது பொய்யில்லை. ஓடையில் அந்த வருடம் ஜனவரி வரை தண்ணீர் நின்றது. நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் அது சாக்கடையாக இருந்தது. நான் எதையும் மாற்றி எழுதவில்லை.

அதன் பிறகு மாமா அந்தக் கரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டையும் நின்றுகொண்டே சாப்பிடுவார். ஒரு கேன் தண்ணீரை எடுத்துப் போய் நாவலுக்குப் பாதி, புங்கனுக்குப் பாதி விடுவார். ஒரு சொட்டு கூடிவிட்டால் அடுத்ததற்கும் ஊற்றுவார். கேலி செய்கிற மற்ற ஆட்களிடம், “ரெட்டப் புள்ளைங்க, சண்ட போட்டுக்கும்” என்பார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்துவிட்டு என் முன்னால் அதைச் சொல்வதை விட்டார்.

மதிப்பீட்டில் தேறினோம். அந்தக் கரையின் படத்தைத்தான் பெரிதாகப் போட்டார்கள். இப்போது பல் முளைத்துவிட்டது என்று ரேஞ்சர் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

2024 பிப்ரவரியில், காலை வேலைக்குக் கிளம்பி, போபோடி பஸ் ஸ்டாப் பெஞ்சில் உள்ளங்கையை வைத்துக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. கட்கி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். மகன் பிறந்த சமயத்தில் கோயிலில் முறைப்படி கல்யாணம் முடித்திருந்ததால் இடத்துக்குப் பிரச்சினை இல்லை. சிமெண்டில் பெயரும் தேதியும் எழுதினார்கள்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து ராஜி அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் அந்த பிளாஸ்டிக் பை. மாமாவின் சட்டைகளுக்கு அடியில் இருந்ததாம்.

“இந்தப் பச்சை மணிய எனக்குத் தெரியும். இது எப்படி வந்துது? பை உங்க ஆபீஸ் பை.”

வாயைத் திறக்காதே என்று சொன்னவர் இப்போது உயிரோடு இல்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின், குவியல், மூன்று, நான்கு.  முடிந்ததும் அத்தை ஒன்றே ஒன்று கேட்டார்.

“அவருக்கு மொதல்லேந்தே தெரியாதா?”

“தெரியாது அத்தை.”

“மொதல் மழையிலேந்தா?”

“ஆமா.”

“மழைக்கு மழை கேட்டுகினு இருந்தேன்” என்றார். பிறகு, “இட்டுகினு போ” என்றார்.

மறுநாள் காலை போனோம். ஓடைக்கரை தெரிந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். வரிசையின் தலைப்பிலிருந்து நானே எண்ணிக்கொண்டு போனேன். நாவல் என் தோளுக்கு மேல் வளர்ந்திருந்தது. புங்கன் இன்னும் உயரம். இரண்டும் நன்றாக இருந்தன. அது எனக்குப் பொறுக்கவில்லை. அத்தை இரண்டுக்கும் நடுவில், நான் குவியல் போட்ட அதே இடத்தில், தெரியாமல் போய் நின்றார்.

“எது?” என்றார்.

எதையாவது காட்டிவிடலாம் என்று தோன்றியது. நாவல் என்று சொன்னால் நாவல். அறுபது வயதுப் பெண்ணுக்கு ஒரு மரம், கட்டிப்பிடித்து அழ, மழை மாதத்தில் வந்து விளக்கு வைக்க. யாருக்கும் நஷ்டமில்லை. மாமாவும் இதைச் செய்திருக்கலாம். ஒரு நாள் வேலை. ஏன் செய்யவில்லை என்று எனக்கு விளங்கவில்லை, விளங்காமலே என் கை நாவலை நோக்கி எழுந்தது.

அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“வேணாம். நீ காட்டாத.”

“அத்தை, நான் தெரிஞ்சுதான்...”

“உனக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.” பையிலிருந்த மணிகளை எடுத்து முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். அங்கே புதைக்கவில்லை. உட்காரவும் இல்லை. போகும்போது இரண்டு மரத்தையும் தொடாமல் பார்த்துச் சுற்றிக்கொண்டு போனார்.

கேட்டுக்கு வந்ததும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

“காட்டறேன்னு சொன்னது அவரு. முப்பத்தேழு வருஷமா சொன்னாரு. அது அவரு பாக்கி, நீ எடுத்துக் கட்டாத. நானும் அவருகிட்ட போய்ச் சேரும்போது அவரையே கேட்டுக்கறேன்.”